பன்னிரண்டாவது கருவிக்குப் பக்கம் இல்லை

மடத்துவெளி, புங்குடுதீவு
11.02.2024

அன்புள்ள துஷி அண்ணாவுக்கு,

அம்மா, தங்கச்சி தாரிகா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். குளிர் பழகிவிட்டதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார். பெரியம்மாவிடம் கெஞ்சித்தான் உங்கள் முகவரியை வாங்கினேன். கணினியால் பிழைக்கிற மனிதர் நோர்வே போய் ஒன்றரை வருடமாகியும் போன் நம்பர் தராமல் தபால் முகவரி மட்டும் தந்திருக்கிறீர்கள். தம்பி அந்தக் காலத்துக்குப் போய்விட்டான் என்று உங்களைப் பெற்ற பெரியம்மாவே சிரிக்கிறா.

செய்தி என்னவென்றால், நீங்கள் இருந்த கதிரையில் இப்போது நான் இருக்கிறேன். குறிகட்டுவான் இறங்குதுறை, நீலவேணி படகுச் சேவை, கணினி அறை. உங்களுக்குப் பின் வந்த இருவரும் நிலைக்கவில்லையாம். முகாமையாளர் பாலசிங்கம் உங்கள் சொந்தக்காரி என்றதும் வேறு கேள்வியே கேட்கவில்லை.

அலுமாரிக்குள் உங்கள் துணைக் கையேடு கிடந்தது. அண்ணா, உண்மையாகச் சொல்கிறேன், அழகான வேலை. சேர்வரோடு வந்த கம்பனிப் புத்தகம் ஒருவருக்கும் விளங்காது. உங்களுடையதில் ஒவ்வொரு சின்னக் கருவிக்கும் ஒரு பக்கம்: பெயர், செய்வது, எப்போது ஓட்டவேண்டும், கவனம். 'தூசிதட்டி' பழைய பதிவுகளைக் கழிக்கிறது. மின்சாரம் போனால் 'உறங்கி' சேர்வரை மெதுவாகத் தூங்கவைக்கிறது. பெயர்களை வாசிக்கும்போது உங்கள் குரலே கேட்டது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கையேட்டில் பதினொரு பக்கம். சேர்வரில் பன்னிரண்டு கருவி. பன்னிரண்டாவதன் பெயர் 'சீர்'. கையேட்டின் கம்பிச் சுருளில் ஒரு தாள் கிழித்த துணுக்குகள் இன்னும் கிடக்கின்றன. அது என்ன கருவி?

இன்னொன்று. வெள்ளிக்கிழமைகளில் பரிமளம் அக்கா வந்து வாசலில் இருக்கிறா. ஏரம்பு அண்ணையின் மனைவி, உங்களுக்குத் தெரியும்தானே. "பிள்ளை, அண்டைக்கு அவர் ஏறினவரோ எண்டு ஒருக்காப் பாரும்" என்பா. ஒன்றரை வருடத்துக்கு முன் நெடுந்தீவுப் பக்கம் படகு தண்ணீர் அடித்துக் கவிழ்ந்த நாளின் பட்டியல்; அண்ணை காணாமல் போனதும் அன்றுதான். நான் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. இல்லை என்றதும் "அப்ப வாற வெள்ளி வாறன்" என்று எழும்பிப் போகிறா.

உடம்பைப் பாருங்கள்.
தங்கை கஜனி


பேர்கன், நோர்வே
09.03.2024

அன்புத் தங்கை கஜனிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். எனக்கு ஒரு குறையும் இல்லை. மழைதான் ஓயாது பெய்கிறது. சித்தியின் முழங்கால் வலி எப்படி? தாரிகா இன்னும் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாளா?

கையேட்டைப் பாராட்டியிருக்கிறாய். நன்றி. ஒரு கருவி எவ்வளவு சின்னதானாலும் அதற்குப் பக்கம் எழுதிவைக்காவிட்டால் அடுத்தவன் அந்தரப்படுவான் என்பது என் கொள்கை. சில விசயம் சொல்கிறேன், குறித்துக்கொள். மின்கலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்று, உப்புக்காற்று தின்றுவிடும். பிறின்டரைச் சீலையால் மூடிவை. ஏழாவது கருவி காவலனை ஒருநாளும் நிறுத்தாதே. தினமும் காலை ஐந்து மணிக்கு அது எல்லாக் கருவிகளையும் மூலப்பிரதியோடு ஒப்பிட்டு, யாராவது கைவைத்திருந்தால் பழையபடி ஆக்கிவிடும். அதற்குத் தனிக் கடவுச்சொல். எனக்கே அதில் பெருமை.

அலுவலக மின்னஞ்சலில் எனக்கு ஒன்றும் எழுதாதே. அங்கிருந்து போகிற எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி முகாமையாளருக்குப் போகும். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். தபாலே நல்லது.

அந்த அம்மா வந்தால் தேத்தண்ணி குடுத்து அனுப்பு.

சித்திக்கு என் அன்பு.
துஷ்யந்தன்


மடத்துவெளி
31.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறோம். நீங்கள் நனையாமல் திரியுங்கள்.

கேட்காத எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். கேட்ட இரண்டுக்கும் இல்லை. பிறின்டருக்குச் சீலை வாங்கிவிட்டேன். பிறகு சீரைத் திறந்து வரிவரியாக வாசித்தேன். இருபத்தெட்டு வரி. உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன், நான் விளங்கியது பிழை என்று நீங்கள் சொல்லவேண்டும் என்பதற்காக.

படகில் ஏற இரண்டு வழி. வெளியாட்கள் யன்னலில் பெயர் சொல்லிச் சீட்டு வாங்குவார்கள். எங்கள் ஆட்கள், ரீச்சர்மார், கிளினிக்குப் போகிறவர்கள், மாத அட்டையைக் காட்டுவார்கள். இரண்டு பெயர்களும் ஒரே பட்டியலில் விழும். புறப்பட முன் அதை அச்சடித்துத் துறையில் உள்ள பதிவு மேசைக்குக் குடுப்போம். படகுக்கு அனுமதி எண்பது பேர். எண்பதைத் தாண்டினால் சீர் தானாக எழும்பி, எண்பது ஆகும்வரை பெயர்களை எடுக்கிறது. எடுக்கிறதெல்லாம் மாத அட்டைக்காரரின் பெயர்கள். எடுத்த அடையாளமும் மிஞ்சாது.

திங்கட்கிழமை யன்னலால் நானே எண்ணினேன். தொண்ணூற்றுமூன்று தலை. பட்டியலில் எண்பது. தாரிகா எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் ஏறினாள். பட்டியலில் தாரிகா இல்லை.

நான் விளங்கியது சரியா, பிழையா? ஏரம்பு அண்ணையிடம் மாத அட்டை இருந்ததா?

ஞாயிறுகளில் யாரோ வெளிநாட்டில் இருந்து என் போனுக்கு எடுத்து, நான் பேசியதும் வைத்துவிடுகிறார்கள். நம்பர் விழுவதில்லை. அது நீங்கள் என்றால் பேசுங்கள்.

கஜனி


மடத்துவெளி
02.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா? ஒரு மாதம் பார்த்தேன், பதில் இல்லை. பெரியம்மாவுக்கும் நீங்கள் எழுதவில்லையாம்.

போன கிழமை சீரை நிறுத்தினேன். பட்டியல் தொண்ணூற்றொன்று என்று வந்தது. பதிவு மேசையில் படகை மறித்து, பதினொரு பேரை இறக்கி, முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் விட்டார்கள். மத்தியானம் பாலசிங்கம் வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு சொன்னார்: "தங்கச்சி, உமக்கு முந்தி இருந்தவர் உப்பிடியொரு கரைச்சலும் தரேல்லை. உந்தப் பட்டியல் எப்பவும் எண்பதாத்தான் வரும். நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும்."

அடுத்த நாள் காலை பட்டியல் எண்பது. சீர் திரும்பி வந்திருந்தது. ஒருவரும் கைவைக்கவில்லை. உங்கள் காவலன்தான் ஐந்து மணிக்கு அதைப் பழையபடி ஆக்கியிருக்கிறான். நான் நிறுத்த நிறுத்த அவன் எழுப்புவான். தினமும் நிறுத்தினால் பாலசிங்கம் என்னை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைப்பார், சீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காவலனின் கடவுச்சொல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

சேர்வரைப் பிடுங்கி வைக்கலாம். பட்டியல் இல்லாமல் படகு ஓடாது. நெடுந்தீவில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற சனம் என்ன செய்யும்? கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரிடம் முறைப்பாடு எழுதிக் குடுக்கலாம். அதற்கும் கை வருகுதில்லை. பன்னிரண்டு கருவியிலும் முதல் வரியில் 'ஆக்கியோன்: து. துஷ்யந்தன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அதனால் காத்திருக்கிறேன். சோளகக் காற்று தொடங்கப்போகிறது அண்ணா, கடல் கொந்தளிக்கும். கடவுச்சொல்லை எழுதுங்கள்.

கஜனி


பேர்கன்
14.05.2024

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன் என்றுதான் எழுதவேண்டும். நித்திரை குறைவு. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன.

நீ விளங்கியது சரி. ஆனால் அது கெட்ட எண்ணத்தில் எழுதின கருவி இல்லை. முதல் வருடம் மாத அட்டைக்காரரின் பெயர் இரண்டு தரம் விழுந்தது. எழுபத்தொன்பது பேர் இருக்கிற படகு எண்பத்துநாலு என்று காட்டி, மறித்து வைத்ததில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வெயிலுக்குள் மயங்கினா. அதற்காக எழுதியது. வெளியாட்களை எடுத்தால் பிறகு யாரென்று தேடுவது? எங்கட சனமென்றால் தெரிந்த முகங்கள், எழுதாவிட்டாலும் யார் ஏறினது என்று ஊருக்கே தெரியும் என்று நினைத்தேன். பிறகு முகாமையாளர் அதன் உபயோகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் நிறுத்தவில்லை.

இப்போது முறைப்பாடு குடுக்காதே. ஜூன் கடைசியில் நான் இங்கே தங்குவதற்கான வதிவிட விசாரணை. என் பெயரில் ஒரு வழக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவரை பொறு, கடவுச்சொல்லைப் பிறகு அனுப்புகிறேன். தாரிகாவை மட்டும் மாத அட்டையை விட்டுவிட்டு யன்னலில் சீட்டு வாங்கி ஏறச் சொல். சீட்டு வாங்கியவரின் பெயரைச் சீர் தொடாது.

சித்தியைக் கேட்டதாகச் சொல்.
அண்ணா


மடத்துவெளி
09.06.2024

துஷி அண்ணாவுக்கு,

அம்மா சுகம். நான் சுகமில்லை. உங்கள் கடிதத்தை வாசித்த நாளில் இருந்து சோறு இறங்கவில்லை.

தாரிகாவிடம் சொன்னேன். சொன்னதும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப மற்ற ரீச்சர்மாருக்கு என்ன சொல்லட்டும் அக்கா? நான் மட்டும் பேரைப் பதிஞ்சுகொண்டு அவையோடை பக்கத்திலை இருக்கவோ?" என்று கேட்டுவிட்டு அட்டையைக் காட்டியே ஏறினாள். நான் கூசிப்போனேன். நீங்கள் எழுதியதை நான் போய் ஒப்புவித்தேனே.

அதனால் இதைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு நூற்றிருபது பக்கக் கொப்பி வாங்கி, தினமும் காலையில் இறங்குதுறையில் நின்று ஏறுகிற அத்தனை பேரையும் கையால் எழுதுகிறேன். பதிவு மேசையில் நீட்டினேன், முத்திரை வைத்த அச்சுப் பட்டியல் இருக்கும்போது இது எதற்கு என்றார்கள். பாலசிங்கத்துக்கு ஆள் எண்ணிக்கை பழகுகிறேன் என்று சொன்னேன். பரிமளம் அக்கா இப்போது வெள்ளி மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் வருகிறா. எனக்குத் தெரியாத முகம் அவவுக்குத் தெரியும். "அது மாவிலித்துறைப் பக்கம், மிதுஷன். அது ரீச்சரின்ரை தாய்" என்று சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கொப்பி எப்போதும் அவவின் கையில்தான் இருக்கும், படகு திரும்பி வரும்வரை.

போன வெள்ளி அவ என்னிடம் நேராகக் கேட்டா: "பிள்ளை, நீ இப்பிடி எழுதுறதைப் பாத்தா, அண்டைக்கு எழுதாமல் விட்டிருக்கினமோ?" தெரியாது அக்கா என்றேன். அவ எனக்குத் தேத்தண்ணி போத்தலை நீட்டிக்கொண்டு கேட்டா, நான் அவவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். புருசன் கொழும்பில் வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று ஊர் சொல்லச் சொல்ல இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற மனுசி. தாலியைக் கழற்றவும் ஏலாது, போடவும் ஏலாது.

ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் எழுதுங்கள்.

சோளகம் தொடங்கிவிட்டது.
கஜனி


பேர்கன்
07.07.2024

கஜனி,

சுகம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. என்றாலும் கேட்கிறேன், சாப்பிடு.

ஓம்.

அன்று எண்பத்தொரு பேர். சீர் ஒரே ஒரு பெயரைத்தான் எடுத்தது. ஏரம்பு அண்ணை கடைசியாக ஓடிவந்து அட்டையைக் காட்டி ஏறினவர். நான்தான் பதிந்தேன். "நெடுந்தீவிலை மாடு பாக்கப் போறன் தம்பி, பரிமளத்துக்குச் சொல்லேல்லை" என்று சிரித்தார். படகு கவிழ்ந்து மீன்பிடி வள்ளங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. கரையில் பட்டியலோடு எண்ணினார்கள். எண்பது வந்தது. எல்லோரும் சரி என்று கைதட்டினார்கள், கஜனி. வள்ளங்களைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். நான் அந்த அறையின் யன்னலடியில் நின்றேன். வாயைத் திறந்தால் என் கருவி தெரிந்துவிடும். நீந்தி ஏறியிருப்பார், நாளைக்கு வருவார் என்று எனக்கு நானே சொன்னேன். மறுநாள் அவர் ஏறினதைக் கண்டதாகச் சொன்ன இருவரும், பட்டியலைக் காட்டியதும் நிச்சயமில்லை என்றுவிட்டார்கள். அன்றே கையேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த மாதம் வந்துவிட்டேன்.

ஞாயிறுகளில் போன் எடுத்தது நான்தான். "ஹலோ, ஆர்?" என்று நீ கேட்டதும் வைத்துவிடுவேன்.

விசாரணை முடிந்தது. வதிவிடம் கிடைத்துவிட்டது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை இருந்தேன். சந்தோசம் வரவில்லை. காவலனின் கடவுச்சொல்லைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் காவலனை நிறுத்து, பிறகு சீரை அழி. இந்தக் கடிதத்தையும் என் பெயரையும் கச்சேரியில் குடு. பரிமளம் அக்காவுக்கு நீயே சொல். எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை.

துஷ்யந்தன்


மடத்துவெளி
14.07.2024

துஷி அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உங்கள் கடிதம் வரவில்லை. இனிக் காத்திருக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை கச்சேரிக்குப் போகிறேன். கொப்பியில் முப்பது நாள் பெயர்கள், அதே நாட்களின் அச்சுப் பட்டியல், சீரின் இருபத்தெட்டு வரி, எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரை மறைக்கமாட்டேன். கோபிக்காதீர்கள் என்று கேட்கவும் மாட்டேன்.

இந்தக் கிழமை கடல் மோசம். ஆனாலும் நெடுந்தீவில் பாடசாலை விழா என்று படகு நிரம்பி வழிகிறது. வியாழன்வரை பட்டியலைச் சேர்த்துவிட்டால் ஒருவரும் மறுக்க ஏலாது.

கஜனி


மடத்துவெளி
26.07.2024

தம்பி துஷ்யந்தனுக்குச் சித்தி எழுதுவது.

நீ சுகமோ என்று கேட்டு எழுதத்தான் பேனையை எடுத்தனான். தாரிகா பக்கத்தில் இருந்து சொல்லித்தருகிறாள், என் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பதினேழாம் திகதி புதன்கிழமை காலை நீலவேணி கவிழ்ந்தது. உன் அம்மா உனக்கு எழுதியிருப்பா. நடந்ததை முழுக்க நான் சொல்கிறேன்.

படகு நிரம்பிவிட்டதாம். கஜனி தொண்ணூற்றாறு பெயர் எழுதி முடித்திருக்கிறாள். இவ்வளவு பேரோடு விடவேண்டாம் என்று படகோட்டியோடு சண்டை பிடித்தவள். அவன் கேட்கவில்லை. தாரிகாவையாவது இறக்குவம் என்று கொப்பியைப் பரிமளத்தின் கையில் குடுத்துவிட்டு ஏறியிருக்கிறாள். அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். தாரிகா கீழே உள்ளுக்குள் இருந்தவள், அக்கா ஏறினதைக் காணவில்லை. பரிமளம் அவள் மற்றப் பக்கத்தால் இறங்கியிருப்பாள் என்று நினைத்தவ.

ஆட்களை வள்ளங்களில் கொண்டுவந்தார்கள். மத்தியானம் எண்பது ஆனதும் பட்டியலைப் பார்த்து எல்லோரும் சரி என்றார்கள். பரிமளம் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இடுப்பளவுக்கு இறங்கிக் கத்தினவவாம். "இன்னும் பதினாறு பேர் கிடக்கு! பேர் எல்லாம் இதிலை கிடக்கு! திரும்பிப் போங்கோ!" வள்ளங்கள் திரும்பிப் போயின. மீன்வலை மிதவைகளைப் பிடித்துக்கொண்டு மிதந்த பதினாறு பேரும் கிடைத்தார்கள். மூன்று பேருக்கு உயிர் இல்லை. தாரிகா பதின்மூன்று பேரில் ஒருத்தி. கொப்பியில் கடைசிப் பெயருக்கும் சரி போட்டு, தொண்ணூற்றாறும் சரி என்று வள்ளங்களைக் கரையேற்றினார்கள்.

கரையில் போர்வை போர்த்திவிட்ட தாரிகாதான் கேட்டவள், "அக்கா எங்கை?" என்று.

எழுதினவள் தன் பெயரை எழுதவில்லை தம்பி. எழுதத் தோன்றவில்லை அவளுக்கு.

பிறகும் தேடினார்கள். அப்போது இருட்டிவிட்டது, காற்றும் கூடிவிட்டது. இன்றைக்கு ஒன்பது நாள். இன்னும் இல்லை.

உன் கடிதம் இருபத்துநாலாம் திகதி வந்தது. அவள் பெயருக்கு வந்த கடிதத்தை உடைக்கக்கூடாது என்று ஒரு நாள் சாமி அறையில் வைத்திருந்தேன். பிறகு உடைத்தேன். பரிமளத்தைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவ அழவில்லை. "ஓம் எண்டு எழுதியிருக்கிறானோ?" என்று மட்டும் கேட்டா. அன்று பின்னேரம் தாலியைக் கழற்றி என் மடியில் வைத்தா.

போன் எடுத்து வாய் திறந்திருந்தால் போதும் தம்பி. ஒரு சொல்.

கொப்பியும் உன் கடிதமும் இப்போது பொலிசில். பாலசிங்கத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் பரிமளமும் இறங்குதுறைக்குப் போய் இருக்கிறோம். நான் வெள்ளிக்கிழமை என்று பார்ப்பதில்லை.

சித்தி, சத்தியபாமா


பேர்கன்
08.08.2024

சித்திக்கு,

நான் சுகம் கேட்கவில்லை. பதினோராம் திகதி விமானம். இங்கே கிடைத்த வதிவிடத்தை விட்டுவிட்டு வருகிறேன். கட்டுநாயக்காவில் இறங்கியதும் என்னைக் கொண்டுபோவார்கள் என்று சட்டத்தரணி சொன்னார். வீட்டுக்கு வரமுடியுமோ தெரியாது. அதனால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். கையேட்டில் பதினோராம் பக்கத்துக்குப் பிறகு சேர்க்கச் சொல்லுங்கள்.

பக்கம் 12

பெயர்: சீர்.

செய்வது: படகில் எண்பது பேருக்கு மேல் இருந்தால், மிச்சப் பேரைப் பட்டியலில் இருந்து எடுக்கும். படகில் இருந்து எடுக்காது.

எப்போது ஓட்டவேண்டும்: ஒருபோதும் இல்லை.

கவனம்: தெரிந்த முகம்தானே என்று எவரையும் எழுதாமல் விடவேண்டாம். எழுதுகிறவர் தன் பெயரை முதலில் எழுதவேண்டும்.

விடுபட்டவர்கள்:
ஏரம்பு, 2022.
கஜனி, 2024.

ஆக்கியோன்: து. துஷ்யந்தன்